தம்பி சாப்பிட்ட வீடு

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன். மறதி வேறு. நேற்று எழுதி வைத்த தாளை இன்று காலை முழுக்கத் தேடினேன், அரிசி டப்பாவுக்குள் இருந்தது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் தெருச் சங்கம் போடுகிற மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிச் செயலாளரின் மகள் வந்தாள். அவளும் சிநேகிதிகளும் ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றி, போர்டுகூட இல்லாத சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடையாகத் தேடிப் பிடித்து, ருசி பார்த்து, போனில் போடுகிறார்களாம்.

“ஆயா, உங்க காலத்துல அது மாதிரி எதுனா இருந்துச்சா? யாருக்கும் தெரியாத கடையா, காசும் கம்மியா?”

“எனக்கு இன்னா தெரியும் கண்ணு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு வாய் வராது. நாலு பேர் முன்னால் மட்டும் இல்லை, ஒருத்தி முன்னாலும் அப்படித்தான். அவள் போன பிறகு படுத்தேன். ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு வீடாகக் கண் முன்னே வந்தது. தூங்க விடவில்லை. அதனால் எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் என்னோடு வளர்ந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு இடம் தெரியும், நான் வழி சொல்ல வேண்டாம்.

அந்த வருஷம் எனக்கு எட்டோ ஒன்பதோ. தம்பிக்கு நாலு. அவனைச் சின்னவன் என்போம். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. நெஞ்சில் நோய் என்று தாம்பரம் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். அப்பா பஸ்ஸில் அழைத்துப் போய்விட்டு ஒண்டியாகத் திரும்பி வந்தார். பிள்ளைகள் அங்கே வரக்கூடாது என்றார்களாம். எத்தனை மாசம் என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் முதல் வாரம் குழம்பு கொடுத்தார்கள். அப்புறம் நான் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, “நீயே வெச்சுக்கோ பாப்பா” என்றார்கள். நல்ல பித்தளைக் கிண்ணம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பரணில் போட்டார். ஏன் போட்டார் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. நோய் தொட்ட கிண்ணம் அது.

நானே கஞ்சி காய்ச்சப் பார்த்தேன். பானையை இறக்கும்போது இடது மணிக்கட்டில் கொட்டிக்கொண்டேன். அப்பா அடுப்பின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார். “இனிமே இத்த தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்” என்றார். அவரும் சமைக்க முடியாது. தறியில் கல்யாணப் புடவை ஏறியிருந்தது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் உட்கார்ந்தால்தான் முழம் ஏறும். பட்டுக்குப் புகையும் ஆகாது, எண்ணெய்க் கையும் ஆகாது. அதனால் மூன்று பேரும் வெளியே சாப்பிடத் தொடங்கினோம்.

முதல் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய ஓட்டலுக்குப் போனோம். கண்ணாடி வைத்த மேஜை. நான் அதில் என் முகத்தைப் பார்த்துத் தலை குனிந்தவள், நிமிரவில்லை. அப்பாவுக்கு அந்த ஓட்டல் கட்டுப்படாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சந்துக்குள் தேடினார். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். உச்சிவேளைக்கு எந்த வீட்டு வாசலில் மாடு வந்து நிற்கிறது என்று பார்ப்பார். எச்சில் இலை விழுகிற வாசல் மாட்டுக்குத் தெரியும். இலை நிறைய விழுந்தால் சோறு நிறைய ஆக்குகிறார்கள். போர்டு இல்லாவிட்டால் விலையும் குறைவு.

“மனுஷன் பொய் சொல்வான், மாடு சொல்லாது” என்பார்.

இப்படித்தான் சாயம் போடுகிற தெருவில் ஒரு தெலுங்குக்கார அக்கா வீட்டைக் கண்டுபிடித்தோம். பின்கட்டில் அரிசி உடைத்துச் செய்த உப்புமாவும் புளித்துவையலும் கொடுப்பார். புருஷனுக்குச் சாய வேலையில் கை கொடுத்துக்கொண்டே பரிமாறுவார். முழங்கை வரைக்கும் நீலமாக இருக்கும். “தினு நாயனா, தினு”, தின்னு கண்ணே என்று அந்த நீலக் கையால் சின்னவன் தாடையைப் பிடித்தார், அவ்வளவுதான். அவன் போட்ட சத்தத்தில் மாடே ஓடிவிட்டது.

தர்காவுக்குப் பின்னால் ஒரு பாய் வீட்டில் காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கிடைக்கும். ஓரம் மொறுமொறுவென்று நடுவில் பஞ்சு போல இருக்கும். அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. அந்த வீட்டு அம்மா திரைக்குப் பின்னாலிருந்து தட்டை நீட்டுவார். வளையல் கை மட்டும் தெரியும். இன்னொன்று வேண்டுமென்று கேட்க எனக்கு வாய் வராது. தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன்.

“ஷரம் பண்ணாத பேட்டி! கூச்சப்பட்டா வயிறு ரொம்புமா மவளே?” என்பார் உள்ளே இருந்தே. என்னை அவர் பார்த்ததே இல்லை, எப்படித் தெரிந்ததோ.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மடப்பள்ளியில் வேலை செய்கிறவர் ஒருவர் வீட்டில் சனிக்கிழமை கோயில் இட்லியின் ஓரத்துண்டு கிடைக்கும். சுக்கும் மிளகும் மந்தாரை இலை வாசனையும். எங்களைத் தெருவிலேயே நிறுத்தித்தான் கொடுப்பார்கள். அது அப்போது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. சின்னவன் ஒரு மிளகைக் கடித்து என் பாவாடையில் துப்பினான்.

இதையெல்லாம் நான் ருசியாகச் சொல்கிறேன். அப்போது அப்படி இல்லை. சின்னவன் எங்கேயும் சாப்பிடவில்லை. எதைக் கொடுத்தாலும் வாயில் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான், அணில் மாதிரி. விழுங்க மாட்டான். வீட்டுக்கு வந்து படுக்கிறபோது நான் விரலை விட்டு அந்தச் சோற்று உருண்டையைத் தோண்டி எடுப்பேன். அது பாதி புளித்திருக்கும். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா, ஆரணியில் இருந்தாள். பிள்ளை இல்லை. வந்ததும் சின்னவனைத் தூக்கி மடியில் போட்டுச் சட்டையைக் கழற்றினாள். விலாவில் விரல் வைத்துத் தடவிக்கொண்டே அழுதாள்.

“டேய், புள்ளய இன்னாடா பண்ணி வெச்சிருக்கே? கோழிக்குஞ்சாட்டம் இருக்குது!”

“அவனுக்கு அம்மா நெனப்புக்கா. சரியாப் பூடும். நான்தான் ஆக்கிப் போடறேனே.”

“ஆக்கிப் போடறவன் மூஞ்சியப் பாரு. தோ பாரு, அடுத்த அமாவாசைக்கு வருவேன். அப்பவும் இவன் என் கண்ணு முன்னாடி வாயத் தொறந்து சோறு துன்னலைன்னா, நான் இட்டுக்கினு போயிடுவேன். அப்புறம் குடுடான்னு நீ கேக்கக்கூடாது.”

அப்பா தலையாட்டினார். ஆக்கிப் போடுகிறேன் என்று அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அடுப்பை மூடிவிட்டு வீடு வீடாகச் சாப்பிடுகிறோம் என்று அக்காவிடம் சொல்ல அவருக்கு வெட்கம்.

அத்தை போன மறுநாளிலிருந்து நான் சின்னவனைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். அவனைக் கொண்டுபோய்விட்டால் அம்மா வந்து கேட்பாளே, என்னைத்தானே பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று பயம்.

ஒரு நாள் அப்பா பட்டு அலசுகிற கிணற்றடியில் யாரையோ பார்க்க வேகவதிக் கரைக்கு எங்களையும் அழைத்துப் போனார். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். அந்த மணலில் ஒரு மாடு ஒண்டியாக நடந்துபோனது. மேயவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஆபீசுக்குப் போகிற மாதிரி நேராகப் போனது.

“பாரு, இவ எங்கியோ சாப்பாட்டுக்குப் போறா” என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. நாங்களும் பின்னாலேயே போனோம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் அது நின்றது.

நயினார் வீடு அது, சமணக் குடும்பம். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மா, கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாப்பிடறச்சே பேசக்கூடாது. இலைல மிச்சம் வைக்கக்கூடாது. பொழுது சாயறதுக்குள்ள கை கழுவிடணும். மூணும் முடியும்னா உக்காருங்க.”

“பேசாம இருக்கறதுல எம்பொண்ணை யாரும் ஜெயிக்க முடியாதும்மா” என்றார் அப்பா.

“நீங்க முடியுமா, அதச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா.

குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டிய தண்ணீர். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கிழங்கு இல்லை. சோறு, பாசிப்பருப்பு, புடலங்காய்க் கூட்டு, மிளகு ரசம். அவ்வளவுதான். போட்டுவிட்டு அந்த அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு கூடத்தைப் பெருக்கினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இலையில் கை படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் ஓரக்கண்ணால் சின்னவனைப் பார்த்தேன். வாயில் வைத்தான். கன்னத்துக்குத் தள்ளினான். அப்புறம் அவன் தொண்டை மேலே ஏறி இறங்கியது. இன்னொரு தரம் ஏறி இறங்கியது. அப்பாவும் பார்த்துவிட்டார். அவர் கை இலையில் அப்படியே நின்றது. பேசக்கூடாது, அதனால் இரண்டு பேரும் பேசவில்லை. சின்னவன் விரலால் இலையைத் தட்டினான். இன்னும் வேண்டுமாம்.

அந்த வீட்டில் மட்டும் ஏன் சாப்பிட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பூண்டு வாசனை பிடிக்காதோ, யாரும் ஊட்டவில்லை என்பதோ, கூடத்தில் காற்று வந்ததோ. நான் யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான். ஆனால் நயினார் வீட்டில் விளக்கு வைத்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள், அடுப்பும் எரியாது. பூச்சி விழுந்து செத்தால் பாவம் என்று அவர்கள் முறை. நம் தறிக்காரர் முறை நேர்மாறு. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தறி, இருட்டினால்தான் சோறு. அப்பா இரண்டு நாள் வெளிச்சத்தில் தறியை விட்டு எழுந்து வந்தார். புடவை பின்தங்கியது, முதலாளி ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் என்னிடம் சொல்லிவிட்டார், நீயே இட்டுக்கினு போ என்று.

சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடப்பேன். சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். அது தென்னை உயரத்துக்கு வந்தால் ஓடுவேன். ஒரு நாள் நேரமாகிவிட்டது. அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

“நெருப்பு அணைச்சாச்சும்மா. நாளைக்கு நேரத்தோட வா.”

சின்னவன் அழுதான். “சோறு, சோறு” என்று கேட்டு அழுதான். அம்மா போனதிலிருந்து அவன் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. வருகிற வழியெல்லாம் அவன் பசிக்கு அழுகிறான், நான் சிரித்துக்கொண்டே வருகிறேன். பார்த்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் போனது. அதற்குள் சதை போடுமா? எலும்பு அப்படியேதான் தெரிந்தது. கண்ணில்தான் கொஞ்சம் உயிர் வந்தது.

அத்தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். நாங்கள் நயினார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, கால் கழுவி, விளக்கு ஏற்றின நேரம். அன்றைக்கு யாரோ வெளியூர்க்காரர்கள் விசேஷம் என்று பாயசம் போட்டார்கள். சின்னவன் இரண்டு தரம் இலையைத் தட்டி வாங்கினான். வயிறு கும்மென்று இருந்தது.

அத்தை டிபன் கேரியரில் நெய்ச்சோறும் அவித்த முட்டையும் கொண்டு வந்திருந்தாள். ஆரணியிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். கையைக்கூடக் கழுவச் சொல்லாமல் அவனை மடியில் இழுத்துப் போட்டாள்.

“வா கண்ணு, ஆ காட்டு.”

அவன் முகத்தைத் திருப்பினான்.

“ஒரு வாய். அத்த கண்ணுல்ல.”

ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கினான். அத்தை அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுங்கவில்லை.

“பாத்தியாடா? பழையபடியேதான்.”

“இல்லக்கா, இப்போ நல்லா துன்றான்” என்றார் அப்பா தறியிலிருந்து எழுந்து.

“எங்க துன்றான்? எப்போ துன்றான்? இருட்டிப் போச்சு, இன்னும் நீயே துன்னல. அவன் மட்டும் எப்போ துன்னான்?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அடுப்பைப் பார்த்தாள். கூடை கவிழ்ந்திருந்தது. அதைத் தூக்கினாள். கீழே சிலந்தி வலை.

“ஆக்கிப் போடறேன்னு சொன்னியே, எங்கடா ஆக்கறே? வீடு வீடாப் போயி கை நீட்டிக்கினு நிக்குதுங்களா ரெண்டும்? அனாதப் புள்ளைங்களாட்டம்?”

“இல்லக்கா” என்றார் அப்பா.

அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரால் திரும்ப முடியவில்லை.

அத்தை என்னிடம் வந்தாள். குரல் இறங்கிவிட்டது. “நீ சொல்லுடி கண்ணு. பயப்படாத. உன் தம்பி இன்னிக்கி சோறு துன்னானா?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தறியில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். நான் ஆம் என்றால் எங்கே என்பாள். எங்கே என்று சொன்னால் அப்பா பொய்யர் ஆவார். இதெல்லாம் அப்போது யோசித்தேனா, இல்லை இப்போது சேர்த்துக்கொள்கிறேனா தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, என் கால் கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாச்சு அத்தை. இவ்வளவுதான் வாக்கியம். வரவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சின்னவன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரலாம் என்று சந்தோஷமாகப் போனான். எனக்குக் கையாட்டக்கூட இல்லை. அப்பா பகலெல்லாம் தறியில் இருந்தார், ஆனால் ஒரு முழம்கூட ஏறவில்லை.

சாயங்காலம் நான் மட்டும் ஆற்றைத் தாண்டிப் போனேன். அந்த அம்மா இரண்டு இலை போட்டார். பேசக்கூடாதே, அதனால் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் இலையில் மிச்சம் வைக்காமல் தின்று முடித்து, காலி இலையையும் சேர்த்து மடித்தேன். அதற்கு அப்புறம் அங்கே போகவில்லை.

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாக வளர்த்தாள். அம்மா மழைக்காலம் முடிந்து பிழைத்து வந்தாள். வந்த வாரமே ஆரணிக்குப் போனாள். சின்னவன் அத்தை புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். “சாப்பிடறான் இல்ல, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். “நான் இல்லாம எம்புள்ள பட்டினி கெடந்தான்” என்று சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா பக்கத்தில்தான் இருப்பார், வாய் திறக்க மாட்டார். நானும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு வருஷம் சொல்லாததைப் பத்தாம் வருஷம் எப்படிச் சொல்வது.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் தம்பி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பேரன் பேத்தி எடுத்தவன். சிரித்துக்கொண்டே சொன்னான், “உங்க ஊட்ல இருந்தப்போ எனக்குச் சோறே எறங்கலியாமே. அத்த இட்டுக்கினு போவலைன்னா செத்துப் பூட்டிருப்பேன்னு சொல்லும்.” உங்க ஊடு என்றான். நான் அவன் இலையில் வடையை வைத்தேன்.

கை வலிக்கிறது. இத்தோடு விடுகிறேன். இதில் தப்பு இருக்கும். நயினார் வீடு கோயிலுக்கு இடது பக்கமா வலது பக்கமா என்று யாராவது அந்தப் பக்கத்தார் பார்த்துத் திருத்துங்கள். கூட்டு புடலங்காயா பூசணியா என்பதும் சந்தேகம். மாசம் ஆடியா ஆவணியா, தெரியாது. ஆரணியில் என் தம்பியைத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டி, ஒரு வீட்டில் பேசாமல் உட்கார்ந்து இலையைத் தட்டிச் சோறு வாங்கினது ஞாபகம் இருக்கிறதா என்று அவனிடமே கேட்டுச் சரிபாருங்கள். அவன் இல்லை என்றாலும் ஒன்றை மட்டும் திருத்தாதீர்கள். அத்தை வந்த அன்றைக்கு அவன் சாப்பிட்டிருந்தான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.